ரெம்பிராண்டின் 1628 சுயஉருவப் படத்தைப் பார்த்து வரைந்து ஆயில் போர்ட்ரெய்ட் கற்றுக்கொள்ளலாமா?

கரித்துண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். பென்சிலிலும் கரியிலும் முகம் வரைவேன். அக்ரிலிக்கில் சில படங்கள் முடித்திருக்கிறேன். ஆயில் பெயின்டை இனிமேல்தான் தொடப்போகிறேன். வகுப்பில் சேர வேலை நேரம் இடம் கொடுக்கவில்லை. அதனால் பெரிய ஓவியர் ஒருவரின் சுயஉருவப் படத்தைப் பார்த்து வரைந்து, அதிலிருந்தே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

எடுத்திருக்கும் படம் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1628 வாக்கில் வரைந்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அவருக்கு அப்போது 22 வயதுதான். கலைந்த சுருட்டை முடி, முகத்தில் பெரும்பகுதி இருட்டு, ஒரு பக்கக் கன்னத்திலும் கழுத்திலும் மட்டும் வெளிச்சம். முதல் பார்வையில் கண் இருப்பதே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பது புலப்படும். அது தெரிந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிலில் என் முதல் முகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே பெரிய அளவில் படத்தை இலவசமாக இறக்கிவிட்டேன். இப்போது கேள்விகள். இரண்டடி உயரக் கேன்வாஸ் வாங்கலாமா? கட்டம் போட்டு பென்சிலில் முழுதாக வரைந்துவிட்டு வண்ணத்துக்குப் போகலாமா? இருட்டுப் பகுதிக்குக் கறுப்பைத்தான் பயன்படுத்த வேண்டுமா? முடியைத் தூரிகையின் பின்முனையால் கீறியிருக்கிறார் என்று படித்தேன், அதை எந்தக் கட்டத்தில் செய்வது? எது முதலில், எது அடுத்து என்ற வரிசைதான் எனக்குத் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தூரிகைப்பெட்டி எழுதியது:

நண்பரே, பொருள் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட் (வெள்ளை), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), அப்புறம் ஒரு பளிச்சென்ற சிவப்பு. செட்டாக வாங்கினால் பச்சையும் ஊதாவும் இந்தப் படத்துக்கு உதவாமல் கிடக்கும். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். ரெம்பிராண்ட் பயன்படுத்தியது ஈயத்தில் செய்த வெள்ளை. அது விஷம், அதைத் தேடிப் போக வேண்டாம். டைட்டானியம் அதைவிடக் குளிர்ச்சியான, மற்ற நிறங்களைச் சட்டென்று அமுக்கிவிடும் வெள்ளை. அதனால் எப்போதும் துளி ஆக்கர் சேர்த்தே எடுங்கள்.

ஆயில் பெயின்டில் இருக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேலே உள்ளது முதலில் இறுகி, பின்னால் விரிசல் விடும். அம்பர் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் நாள் இழுக்கும்.

உங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் தாராளமாகக் கிடைக்கும், தூரிகை துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும், குவியலுக்குள் அந்தச் சூடு ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

காவிரிக்கரை எழுதியது:

தம்பி, படத்தை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கும்பகோணத்தில் வீட்டிலேயே சிலருக்குச் சொல்லித்தருகிறேன். மகன் நெதர்லாந்தில் வேலை பார்ப்பதால் நீங்கள் சொல்லும் படத்தை நேரில் பார்க்கக் கிடைத்தது. முதலில் அதன் அளவைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 22.6 செ.மீ., அகலம் 18.7 செ.மீ., அவ்வளவுதான். வரைந்திருப்பதும் ஓக் மரப் பலகையில், துணியில் இல்லை.

இரண்டடிக் கேன்வாஸ் வேண்டாம். அந்தச் சின்னப் பலகையில் தூரிகையின் பின்முனையால் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு சுருள் முடி வந்துவிடுகிறது. இரண்டடி உயரத்துக்குப் பெருக்கினால் அதே கீறல் மெல்லிய நூலாகத் தெரியும். ஒரு சுருளுக்குப் பத்து இழுப்பு இழுக்க வேண்டியிருக்கும், அப்போது கையின் வேகம் போய்விடும். ஒன்றரை மடங்கு வரை போகலாம், அதாவது 33.9 × 28 செ.மீ. அதற்கு மேல் போகாதீர்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகல் வரைய அனுமதி வாங்கி வருபவர்கள் மூலப்படத்தின் அதே அளவில் வரையக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் கொஞ்சம் பெரிதாக வரைவதே எனக்குச் சரியென்று படுகிறது. நகல் என்பது பார்த்ததும் தெரிய வேண்டும்.

பலகைக்கு எம்.டி.எஃப் அல்லது நல்ல பிளைவுட் வெட்டி வாங்குங்கள். ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) மூன்று கோட் கொடுத்து, ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். கேன்வாஸில் கீறினால் முனை நெசவில் மாட்டித் தத்தித் தத்திப் போகும், கோடு ஓடாது. பலகை வழவழப்பாக ஆனதும் ஆக்கரும் கொஞ்சம் அம்பரும் கலந்து, மெல்லிசான பழுப்பு மஞ்சளில் முழுக்க ஒரு பூச்சு பூசுங்கள். இதை அக்ரிலிக்கிலேயே செய்யலாம். அக்ரிலிக்குக்கு மேல் ஆயில் நிற்கும், ஆயிலுக்கு மேல் அக்ரிலிக் நிற்காது. இந்தப் பூச்சை விட்டுவிட வேண்டாம் தம்பி. கடைசியில் முடியைக் கீறும்போது வெளியே வரப்போவது இந்த நிறம்தான். வெறும் வெள்ளை ஜெஸ்ஸோ மேல் கீறினால் 22 வயதுப் பையனுக்கு நரைமுடி வந்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட பென்சில் விஷயம். இதற்கு ஒரு உண்மைக் கதை இருக்கிறது. ஹேக் நகரின் மௌரிட்ஷ்யூஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் இன்னொரு இளவயது முகம் இருக்கிறது, கழுத்தில் இரும்புக் கவசப் பட்டையோடு, 1629 வாக்கில் வரைந்தது. வழவழவென்று, ஒரு இழை பிசகாமல் முடித்த படம். பல தலைமுறைகளாக அதுதான் மூலம் என்று நம்பினார்கள். ஜெர்மனியில் நியூரம்பெர்கில் இருந்த இன்னொன்றை நகல் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதில் தூரிகை ஓட்டம் தளர்வாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். 1990களின் கடைசியில் அகச்சிவப்புக் கதிரால் ஹேக் படத்தைப் பார்த்தபோது வண்ணத்துக்கு அடியில் கவனமாகப் போட்ட கோட்டு வரைபடம் தெரிந்தது. ரெம்பிராண்ட் அப்படி வரைகிறவர் இல்லை. இன்று நியூரம்பெர்க் படத்தை மூலமாகவும், ஹேக் படத்தை அவருடைய பட்டறையில் எடுத்த நகலாகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹேக் படத்தின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். வரைந்தவருக்கு அபாரமான கை. ஆனால் அவர் முடிவை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறார். ஒவ்வொரு விளிம்பையும் முதலிலேயே தீர்மானித்துவிட்டு அதற்குள் வண்ணத்தை நிரப்பியிருக்கிறார். நீங்கள் ரெம்பிராண்ட் வேலை செய்த வரிசையை நகல் எடுங்கள். தைத்து முடித்த சட்டையைக் கையில் கொடுத்தால் எந்தத் துண்டை முதலில் இணைத்தார்கள் என்று உங்களால் சொல்ல முடியும் இல்லையா, படத்தையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். எந்தப் பூச்சு எதன் மேல் ஏறியிருக்கிறது, எங்கே அடித்தளம் தெரிகிறது, எங்கே வண்ணம் மேடு கட்டியிருக்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருங்கள். தூரிகையைத் தொட வேண்டாம்.

அதனால் கட்டம் போடுங்கள், ஆனால் பென்சிலில் முழுமுகம் வரையாதீர்கள். தலை உச்சி, தாடை, மூக்கு நுனி, காது மடல், கழுத்து தோளில் இறங்கும் இடம் என்று சில புள்ளிகள் போதும். டர்பன்டைனில் கரைத்த அம்பரால் மெல்லிய தூரிகையில் குறியுங்கள். கண்ணுக்குக் கோடு வேண்டவே வேண்டாம்.

அடுத்து இருட்டு. கறுப்பைத் தனியாகப் பூசினால் முகத்தில் பள்ளம் விழுந்ததுபோல் ஆகிவிடும். அம்பரோடு கொஞ்சம் சியன்னா, மிக ஆழமான இடத்தில் மட்டும் துளி கறுப்பு, இதை மெல்லிசாக, அடித்தளம் மங்கலாக ஊடுருவித் தெரியும்படி பூசுங்கள். வெள்ளை இதில் கலக்கவே கூடாது. வெள்ளை கலந்த நிழல் சாம்பல் பூத்துவிடும். நெற்றி, கண்குழி, இருட்டுப் பக்கக் கன்னம் எல்லாம் சேர்ந்து ஒரே நிழல் துண்டாகத்தான் முதலில் வர வேண்டும். அந்த நிலையில் அது மனித முகமாகவே தெரியாது, பயப்படாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே விரலில் துணியைச் சுற்றி, புருவ எலும்பும் மூக்குத்தண்டும் வரும் இடத்தில் லேசாக ஒற்றி எடுங்கள். வண்ணம் குறைந்த இடத்தில் அடித்தளப் பழுப்பு எழுந்து வரும். அந்த அளவு வெளிச்சம் அங்கே போதும்.

பிறகு வெளிச்சம். கன்னம், மூக்கு நுனி, காது மடல், கழுத்து. இங்கே வண்ணம் கெட்டியாக இருக்கட்டும், பன்றிமயிர்த் தூரிகையால் வையுங்கள். முன்கூட்டியே தட்டில் மூன்று கலவை தயார் செய்துகொள்ளுங்கள்: மிக வெளிச்சம், நடுத்தரம், நிழலைத் தொடும் இடத்துக்கான மங்கலான சிவப்பு கலந்த பழுப்பு. வைத்த இடத்தில் வைத்தபடி விடுங்கள். தேய்த்துத் தேய்த்துக் குழைத்தால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். என் மாணவர்கள் எல்லாரும் சிக்கும் இடம் இதுதான், கை சும்மா இருக்க மறுக்கும். எழுந்து எட்டடி பின்னால் போய், கண்ணை இடுக்கிப் பாருங்கள். அங்கிருந்து சரியாகத் தெரிந்தால் கிட்டே வந்து திருத்தாதீர்கள்.

முடிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பின்னால் இருக்கும் வெளிர்ச் சுவரையும் முடியையும் ஒரே அமர்வில் போட வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேரும் விளிம்பு ஈரத்தில் கலந்து மென்மையாக இருக்கும். சுவரை முதலில் போட்டு, அம்பரும் கறுப்பும் கலந்த முடியை அதன்மேல் கொஞ்சம் ஏறும்படி வையுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே தூரிகையைத் திருப்பிப் பிடித்துக் கீறுங்கள். கீழே உள்ள பழுப்பு மஞ்சள் அடித்தளப் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேலே உள்ள வண்ணம் ஈரமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கோடு வராது. அதே மாதிரி ஜெஸ்ஸோ போட்ட துண்டுப் பலகையில் முதலில் கை பழகுங்கள். சுருளை வேரிலிருந்து வெளியே இழுங்கள், மணிக்கட்டு சுழலட்டும். ஒரே அளவில் ஒரே திசையில் கீறினால் சீப்பால் வாரிய மாதிரி ஆகிவிடும். அவருக்குக் கலைந்த தலை.

கண்ணைக் கடைசியில் போடுங்கள். அதற்கு முன் நிழல் முழுக்கக் காய வேண்டும்.

கண்ணாடிமுன் எழுதியது:

தோழர், எனக்கு இதில் வேறு கருத்து. நகலில் எல்லா முடிவையும் ரெம்பிராண்டே எடுத்துவிட்டார். எங்கே வெளிச்சம், எதை விட வேண்டும், எதை அழுத்த வேண்டும், எதுவும் உங்கள் கையில் இல்லை. நான் புதுச்சேரியில் ஒரு சின்ன அறையில் கண்ணாடியை வைத்து என் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்துதான் ஆயில் கற்றேன். வெள்ளை, ஆக்கர், வெர்மிலியன், கறுப்பு என்று நான்கே வண்ணம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் சொல்லப்படும் வண்ணத் தொகுப்பு அது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகத் தெரியும், அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். உயிருள்ள முகத்தில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நிறத்தை எந்த ஜேபெக் படமும் காட்டாது. உங்களுக்கு முகம் வரையவும் ஏற்கெனவே வருகிறது. நேராகக் கண்ணாடிக்கே போய்விடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் சொல்லும் குறை உண்மைதான். திரையில் பார்க்கும் நிறத்தை நம்ப முடியாது. செல்போன் இருட்டைத் தூக்கிக் காட்டும், பிரிண்ட் எடுத்தால் அதே இருட்டு அடைந்துபோகும். தம்பி, பிரிண்டைக் கோடுக்கும் திரையை நிறத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், திரையின் வெளிச்ச அளவைத் தானாக மாறவிடாமல் ஒரே இடத்தில் நிறுத்திவையுங்கள்.

ஆனால் எல்லா முடிவையும் அவரே எடுத்துவிட்டார் என்பதால்தான் முதல் படத்துக்கு நகல் நல்லது என்கிறேன். ஆயிலைத் தொடாதவர் கண்ணாடி முன் உட்கார்ந்தால் ஜாடை, வெளிச்சம், காய்கிற நேரம், எண்ணெய் அளவு எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும். நகலில் வண்ணத்தின் பருமன் ஒன்றை மட்டும் கவனித்துக் கற்கலாம். நிழல் மெல்லிசு, வெளிச்சம் கெட்டி, இந்த வித்தியாசம் கையில் ஏற வேண்டும். ரெம்பிராண்டின் பட்டறையிலேயே குருவின் சுயஉருவங்களை நகல் எடுத்துத்தான் மாணவர்கள் பழகினார்கள். நம் தம்பி எடுத்திருக்கும் இதே படத்துக்கு ஜெர்மனியின் காசல் நகரில் பழைய நகல் ஒன்று இருக்கிறது. அப்புறம் கண்ணாடிக்குப் போகட்டும். அங்கே உங்கள் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

கரித்துண்டு எழுதியது:

அக்கா, நண்பர்களே, எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி எம்.டி.எஃப் பலகையில் ஒன்றரை மடங்கு அளவில் ஆரம்பித்து, நிழலும் கன்னத்து வெளிச்சமும் வைத்துவிட்டேன். நிழலைத் துணியால் ஒற்றி எடுத்தபோது மூக்குத்தண்டு தானாக எழுந்து வந்ததைப் பார்த்து வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பூச்சும் காய்ந்துவிட்டது. இப்போது ஒரு சிக்கல். ஈரத்தில் ஆழமாக இருந்த நிழல் காய்ந்ததும் வெளிறி, சுண்ணாம்பு பூத்தது போல் திட்டுத் திட்டாக இருக்கிறது. இந்த நிலையில் கண்ணை எவ்வளவு இருட்டில் வைப்பது என்று மதிப்பிடவே முடியவில்லை. மேலே இன்னொரு கோட் அம்பர் பூசலாமா? இன்னொன்று, இது முடிந்ததும் கண்ணாடிமுன் சொன்னபடி என் முகத்தை இதே மாதிரி வெளிச்சத்தில் வரைய ஆசை. நான் நல்ல கறுப்பு நிறம். இதே கலவைகள் பொருந்துமா?

காவிரிக்கரை எழுதியது:

அம்பர் கோட் வேண்டாம் தம்பி. வண்ணம் கெட்டுப்போகவில்லை. அடியில் இருக்கும் பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அம்பரில் இது அடிக்கடி நடக்கும். தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டாவிட்டால், லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, பஞ்சு உதிராத துணியில் துளி எடுத்து அந்த இடத்தில் தேய்த்துவிட்டு, உடனே காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுங்கள். ஈரத்தில் பார்த்த ஆழம் திரும்ப வந்துவிடும். அன்றைக்கே கண்ணைப் போட்டுவிடலாம்.

கண்ணை இப்படிப் போடுங்கள். வெள்ளைவிழி என்ற நினைப்பையே மறந்துவிடுங்கள். அந்த நிழலுக்குள் வெள்ளைவிழி, சுற்றியுள்ள தோலைவிட ஒரு இழைதான் மாறுபடும். கருவிழியை அம்பர் கறுப்புக் கலவையில் மென்மையான ஒரு புள்ளியாக வையுங்கள், ஓரத்தைக் காய்ந்த தூரிகையால் லேசாகத் தட்டிக் கலைத்துவிடுங்கள். பிறகு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் தெரியாமல், கொஞ்சம் பொறுத்துத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. போனவுடனே தெரிந்தால் ஒரு படி குறைக்க வேண்டும்.

உங்கள் முகத்துக்கு நிழல் கலவை அப்படியே பொருந்தும், சியன்னாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெளிச்சத்தில்தான் மாற்ற வேண்டும். வெள்ளையும் ஆக்கரும் கலந்து நம் நிறத்தைப் பிடிக்கப் பார்த்தால் மாவு பூசியது போல் ஆகும். ஆக்கர், சியன்னா, அந்தச் சிவப்பு டியூபில் துளி, இதை அடிப்படையாக வையுங்கள். வெள்ளையைப் பளபளப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலில் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பு மிகத் தெளிவாக இருக்கும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதன் நிறத்தை அப்படியே காட்டும். பகலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் அது நீலம் கலந்திருக்கும், வெள்ளையில் துளி ஐவரி பிளாக் சேர்த்தாலே கிடைத்துவிடும். வெயில் நேராக விழாத, ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். பலகை இருக்கும் இடத்திலும் அதே ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும், இல்லாவிட்டால் கலவை ஏமாற்றும்.

நகல் முடிந்ததும் பலகையின் பின்பக்கம் "ரெம்பிராண்டைப் பார்த்து வரைந்தது" என்று எழுதி, உங்கள் பெயரும் வருடமும் போட்டுவிடுங்கள். வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம், குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும். கண் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல்.